மெழுகில் ஒரு கைநாட்டு

எங்கள் லேபுக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் மூக்கைப் பிடிப்பார்கள். கடலடிக் களிமண்ணை இரும்புக் குழாயிலிருந்து தள்ளி வெளியே எடுக்கும்போது அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை வரும். நான் அந்த வாடையோடு குடித்தனம் நடத்தினவள். என் வீட்டுக்காரர் கடலில் போர் போட்டு மண் எடுக்கிற குழுவில் இருந்தார். லீவுக்கு வீட்டுக்கு வந்தால், எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவர் நகக்கண்ணில் அது இருக்கும். அதனால் என் முன்னால் யாராவது கைக்குட்டையை எடுத்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். மூக்கைப் பிடிக்கிறதானால் வெளியே போய்ப் பிடியுங்கள் என்று ஒரு பெரிய கான்ட்ராக்டரிடமே சொல்லியிருக்கிறேன். அவரும் போய்த்தான் பிடித்தார்.

லேப் அடுகோடியில் இருந்தது. ஒரு பக்கம் லேத் பட்டறை, இன்னொரு பக்கம் வெல்டிங் கடை, நடுவில் தகரக் கூரை போட்ட எங்கள் ஷெட். நான் பிரேசர் டவுனிலிருந்து பஸ் மாறி வருவேன். பெங்களூருக்கும் கடலுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் கேட்பார்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. துறைமுகம் கட்டினாலும், கடலுக்கடியில் குழாய் பதித்தாலும், அந்த இடத்து மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று யாராவது பார்த்துச் சொல்லவேண்டும். அதற்கான மிஷின்கள் எங்களிடம் இருந்தன. அதனால் கடல் மண் லாரி ஏறி இந்த மேட்டு ஊருக்கு வந்தது.

அந்த மண் வருகிற விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். கடலில் ஒரு மிதவையை நிறுத்தி, அதிலிருந்து மெல்லிய இரும்புக் குழாயைக் கடல்தரைக்குள் அமுக்குவார்கள். குழாய்க்குள் களிமண் அலுங்காமல் ஏறிக்கொள்ளும். மேலே எடுத்ததும் இரண்டு முனையிலும் உருக்கின மெழுகை ஊற்றி அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் போய்விடும், ஈரம் போனால் அது வேறு மண். முதலில் மெல்லிசாக ஒரு தடவை ஊற்றுவார்கள், அது உறைந்ததும் கனமாக இன்னொரு தடவை. என் வீட்டுக்காரர் இரண்டாவது மெழுகு பாதி உறைந்திருக்கும்போது கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார், பதம் வந்துவிட்டதா என்று. மேல் முனையில் மட்டும். மற்றவர்கள் நகத்தால் கீறிப் பார்ப்பார்கள், இல்லை பார்க்கவே மாட்டார்கள். அவர் அடைத்த குழாய் என்றால் மெழுகில் குழியாக அவர் விரல் இருக்கும், ரேகையோடு.

லாரி வந்து குழாய்களை இறக்கினால் எங்கள் லேப் பாய் முதலில் மெழுகைத்தான் பார்ப்பார். பாய் எனக்கு முன்னாலிருந்தே அங்கே வேலை செய்கிறவர், அடுகோடிக்காரர், வீட்டில் உருது, வெளியில் தமிழும் கன்னடமும். "அக்கா, உங்க சாப் கையெழுத்து போட்டு அனுப்பிருக்காரு" என்பார். நான் போனில் என் வீட்டுக்காரரைக் கேலி செய்வேன். பத்தாவது வரை படித்துவிட்டு இன்னும் கைநாட்டு வைக்கிறீங்களே, வெட்கமா இல்லையா என்று. "உனக்குத்தானே வைக்கிறேன், படிக்கத் தெரிஞ்சவ படிச்சுக்கோ" என்பார். மெழுகை உடைப்பதற்கு முன்னால் நான் என் விரலை அந்தக் குழியில் ஒரு நிமிஷம் வைத்து எடுப்பேன். பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அப்புறம் மெழுகைப் பெயர்த்து உருக்குச் சட்டியில் போட்டுவிடுவோம். மெழுகை யாரும் வீணாக்க மாட்டோம். உருக்கி வடிகட்டி அடுத்த மண்ணை அடைக்க எடுத்துக்கொள்வோம். அப்படி அவருடைய விரலை நானே எத்தனை முறை உருக்கியிருப்பேன். அப்போது அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை, விரல்தான் இருக்கிறதே.

அந்த விரலைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலேயே கம்பிக் கயிறு ஒன்று அதை நசுக்கியிருந்தது. குறுக்கே ஒரு தழும்பு, மேல் கணு மடங்காது. அதனால் அவர் அழுத்துகிற குழி நடுவாக விழாது, ஒரு பக்கம் ஆழமாகவும் இன்னொரு பக்கம் பட்டும் படாமலும் இருக்கும். பதம் பார்க்கிறதற்காகச் சாய்த்து அழுத்துகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் கேட்டதில்லை.

அவர் போனது ஆந்திரக் கடலில், கிருஷ்ணா நதி கலக்கிற இடத்துக்கு வெளியே. மழைக்காலம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அன்று காலையில் எடுத்த குழாய்களை மத்தியானப் படகில் கரைக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் திடீரென்று காற்று கிளம்பியது, எல்லாரும் மிதவையிலிருந்து படகுக்கு மாறியிருக்கிறார்கள், கடைசியாக மாறினவர் இவர். கால் வழுக்கியது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். யார் மேலும் தப்பில்லை, நானும் தோண்டித் தோண்டிக் கேட்டுப் பார்த்துவிட்டேன். மீனவர்களும் போலீஸும் தேடினார்கள், கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பார்கள். எங்கள் வீட்டிலும் செய்தார்கள். ஒரு பிடி புல் எரிந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை, கோபம்தான் வந்தது, இதையா அவர் என்கிறீர்கள் என்று.

அவர் வரவில்லை, மத்தியானப் படகில் வந்த குழாய்கள் வந்து சேர்ந்தன. லாரியிலிருந்து இறக்கும்போது பாய் மெழுகைப் பார்க்கவே இல்லையாம். சோதனைக்கு வேண்டியதை மற்றவர்களே செய்து முடித்துவிட்டார்கள், நான் தொடவேண்டாம் என்று. நான் வேலைக்குத் திரும்பியபோது ஒரே ஒரு குழாய் தேவைப்படாமல் மிஞ்சியிருந்தது. மேல் மெழுகில் அவர் விரல் இருந்தது. நான் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஈர மணலும் நனைந்த சாக்கும் போட்டு மண் வைக்கிற அறையின் மூலையில் நிறுத்தினேன். தூக்கிப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் அதே கடலிலிருந்து மண் வந்துகொண்டுதான் இருந்தது. வேலை நிற்குமா. எனக்கு அப்போது பெரிய வதையாக இருந்தது சல்லடை. களிமண்ணை நைசான சல்லடையில் கொட்டித் தண்ணீரை விட்டுக் கழுவினால் களியெல்லாம் போய்விடும், மிச்சம் சல்லடையில் தங்கும். பொடிச் சிப்பி, மீன் முள், கடுகு மாதிரி சங்குகள். அதைத் தட்டில் கொட்டி விரலால் பரத்திப் பார்ப்பேன். ஒரு சட்டைப் பொத்தான் வந்துவிடுமோ என்று பயம். வராதா என்று ஏக்கமும் இருந்தது, பொய் சொல்வானேன். குழாய் இறங்குகிற ஆழம் வேறு, அந்த மண் படிந்த காலம் வேறு, அவர் அங்கே இருக்க முடியாது என்று எனக்குத் தெரியாதா. தெரியும். ஒவ்வொரு தட்டையும் ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் கொட்டினேன்.

மண் வைக்கிற அறையில் வேறு விதமாக இருந்தது. மத்தியான வெயிலில் காய்ந்த தகரம் மேகம் மூடினதும் குளிர ஆரம்பிக்கும். அப்போது உள்ளே டக்கு டக்கென்று சத்தம் வரும். விரலால் குழாயைத் தட்டின மாதிரி. அவர் வீட்டில் கேஸ் சிலிண்டரை அப்படித்தான் தட்டிப் பார்ப்பார், எவ்வளவு இருக்கிறது என்று. தகரம் சுருங்குகிற சத்தம் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்டே எழுந்து போய்ப் பார்ப்பேன். குழாய் நிற்கும். சாக்கு காய்ந்திருந்தால் நனைத்துவிட்டு வருவேன். "சாப் கூப்ட்டாரா அக்கா?" என்று பாய் ஒரு நாள் கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று திட்ட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் கிண்டல் இல்லை. அவர் தனியாக அந்த அறைக்குள் போகமாட்டார், பகலிலும். நான் பக்கத்தில் நின்றால்தான் போவார்.

பெண்ணாப் பிறந்தவள் பயந்துகொண்டு வேலையை விட்டிருக்கலாம் என்று என் அண்ணி சொன்னாள். விட்டிருக்கலாம். ஆனால் அந்த மண்ணை எனக்குப் பிடித்திருந்தது, அதை எப்படிச் சொல்வது. களிமண் என்றால் எல்லாம் ஒரே சாமான் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். கயோலினைட் என்று ஒன்று உண்டு, பீங்கான் கோப்பை செய்கிறது, சாது. தண்ணீர் விட்டாலும் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. ஸ்மெக்டைட் என்று இன்னொன்று. அதுதான் கரிசல் மண்ணின் உயிர். தண்ணீர் கண்டால் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ராய்ச்சூர்ப் பக்கத்துக் கரிசல் கிருஷ்ணாவில் கரைந்து கடலுக்குப் போய், அங்கே உப்புப் பட்டதும் திரண்டு அடியில் படிந்து கிடக்கிறது. நம்ம கர்நாடகா மண்தான், கடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு லாரியில் வீடு திரும்புகிறது என்று அவர் சொல்வார்.

உப்புத் தண்ணீரில் அந்தத் துகள்கள் ஒன்றன் ஓரத்தில் இன்னொன்று சாய்ந்து, சீட்டுக்கட்டில் வீடு கட்டின மாதிரி நிற்கும். நடுவெல்லாம் தண்ணீர். வெட்டினால் சந்தனக் கட்டி மாதிரி வழவழவென்று நிற்கிற மண், கையில் போட்டுப் பிசைந்தால் வீடு சரிந்து கூழாகிவிடும். அந்தக் கூழைத் தொந்தரவு செய்யாமல் மூடி வைத்தால் கொஞ்ச நாளில் தானாகவே ஓரளவு கெட்டியாகும், ஆனால் பழைய பலம் முழுக்கத் திரும்பாது. இன்னொரு சோதனையில் எடை மேல் எடை வைத்து அமுக்கிக்கொண்டே போவோம். ஒரு கட்டம் வரை அது பெரிதாக அமுங்காது, அதற்குமேல் சட்டென்று அமுங்க ஆரம்பிக்கும். அந்த இடம்தான் அது முன்னால் எப்போதோ சுமந்த அதிகபட்ச பாரம். கடலுக்கடியில் அதன் மேல் எவ்வளவு இருந்தது என்பதை அது மறக்காது, மேலே கொண்டுவந்து வருஷமானாலும். மனுஷனுக்கு அப்படி ஒரு ஞாபகம் இல்லை. என் மகளைப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

அவர் போகும்போது அவளுக்குப் பால் பல்கூட விழவில்லை. இப்போது காலேஜ். அப்பாவைப் பற்றி அவளிடம் இருந்தது ஒரே ஒரு ஞாபகம். வேலைக்குக் கிளம்புகிற நாளில் அவர் அவளைப் பிடித்து நிறுத்தி, கட்டைவிரலால் நெற்றியில் விபூதி வைப்பார். அந்த நேரத்தில் நான் சமையலறையில் அவருக்கு ரொட்டியும் தொக்கும் கட்டிக்கொண்டிருப்பேன், பை எங்கே சார்ஜர் எங்கே என்று கத்திக்கொண்டும் இருப்பேன். எட்டிப் பார்த்ததில்லை. விபூதி வைப்பார் என்று மட்டும் தெரியும், நெற்றியைப் பார்த்தால் தெரியாதா. அவர் போன பிறகு அதை அவளிடம் சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். அப்பா உனக்கு விபூதி வைப்பாருடி, அப்பா உனக்கு விபூதி வைப்பாருடி.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். "அம்மா, எனக்கு நெஜமாவே ஞாபகம் இருக்கா, இல்ல நீ சொன்னத வெச்சு நானே பண்ணிக்கிட்டேனா?"

"என்னடி கேள்வி இது."

"நெத்தியில ஏதோ அழுத்துற மாதிரி இருக்கும்மா. ஆனா மொகம் வரல, குரல் வரல. போட்டோல இருக்கிற மொகம்தான் வருது. அப்போ இதுவும் பொய்தானே. எனக்கு அப்பாவே இல்லாத மாதிரி இருக்கு."

சத்தமில்லாமல் சொன்னாள். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும், சும்மா மண்டைய ஓட்டிக்கிட்டே இருக்காத, துணிய எடுத்து உள்ள வை என்று எரிந்து விழுந்தேன். அப்புறம் காபி போட்டுக் கொடுத்து, குழாயைப் பற்றிச் சொன்னேன். அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அப்பா விரல் மெழுகில் அப்படியே இருக்கிறது, ரேகை, தழும்பு எல்லாம். அவள் காபியைத் தொடவில்லை. எனக்கு அது வேணும்மா, தொட்டுப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும் என்றாள். என்ன தெரிந்துவிடும் என்று நான் கேட்கவில்லை. கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்துவிட்டேன், கை வரவில்லை. அந்த மெழுகை எடுத்துவிட்டால் குழாய் திறந்துவிடும். அவர் அன்று காலையில் மூடினது மூடினபடி இந்த உலகத்தில் அது ஒன்றுதான் பாக்கி. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன். மகளும் நச்சரிக்கவில்லை, ஆனால் நான் வேலையிலிருந்து வந்ததும் என் கைப்பையைப் பார்ப்பாள்.

இந்த வருஷம் லேபை ஊருக்கு வெளியே அத்திபெலேக்கு மாற்றுகிறோம் என்று மேடம் சொன்னார். எங்கள் தலைமை இன்ஜினியர், என்னைவிட வயதில் சின்னவர், ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர், நல்ல மாதிரி. பழைய மண்ணையெல்லாம் கொட்டிவிட வேண்டும், அந்தக் குழாய் மட்டும் உங்கள் விருப்பம் என்றார். அன்று நான் பையைப் பிரித்துப் பார்த்தேன். இரும்பு உள்ளேயிருந்து துருப்பிடித்திருந்தது. ஓரத்தில் மெழுகு குழாயை விட்டு நூல் அளவுக்கு விலகி, அந்த இடத்தில் பழுப்பாகக் கசிந்திருந்தது. இனி வைத்தால் களிமண் ஓரத்திலிருந்து காய்ந்து சுருங்கும், மெழுகு விரிசல் விடும், விரலும் போகும். மேடத்திடம் போய்த் திறக்கலாம் என்றேன். இத்தனை காலம் மெழுகுக்குள் இருந்த களி எப்படி இருக்கிறது என்று சோதித்தும் பார்த்துவிடலாம் என்று அவருக்கும் ஆசை. நானே செய்வேன், வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்றேன். அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் திறந்தேன். அந்தக் குழியில் என் விரலை வைத்து எடுத்தேன், எப்போதும் போல. கத்தியைச் சூடாக்கி மெழுகின் ஓரத்தைச் சுற்றி அறுத்தேன். வில்லை முழுசாக வந்தது. தழும்பு தெரிந்தது, ரேகை தெரிந்தது. பழைய பேப்பரை விரித்து அதை மேஜைமேல் வைத்தேன். குழாயை மிஷினில் பொருத்தித் தள்ளினேன். மண் வந்தது. ஓரம் மட்டும் இறுகியிருந்தது, நடுவெல்லாம் பச்சையாக, நேற்று எடுத்த மாதிரி, அதே வாடையோடு. ஷெட் முழுக்க அவர் வந்து நின்ற மாதிரி இருந்தது. முதல் துண்டைக் கம்பியால் அறுத்துக் கண்ணாடித் தட்டில் கவிழ்த்தேன். மெழுகுச் சூடு பட்ட மேல்துண்டை எப்போதும் சோதனைக்கு எடுக்கமாட்டோம், கழித்துவிடுவோம். மிச்சத்தை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் பக்கத்தில் இருக்கிற மிஷினுக்குப் போனேன். சின்ன இறக்கை வைத்த கம்பியை மண்ணுக்குள் செருகித் திருப்பி, எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்க்கிற மிஷின். மேடம் அளவைப் பார்த்துவிட்டு, அவர் மூடினது அப்படியே நின்றிருக்கிறது என்று கன்னடத்தில் சொன்னார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, தர்ப்பையை எரித்த அன்று வராதது.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தால் மேஜைமேல் பேப்பர் காலியாகக் கிடந்தது.

பாய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று உருக்குச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். அத்திபெலேக்குப் போகிற மண்ணையெல்லாம் அன்று புதிதாக மெழுகு ஊற்றி அடைக்கவேண்டியிருந்தது. மேஜைமேல் பெயர்த்த மெழுகு கிடந்தால் சட்டியில் போடுவது, எங்கள் எல்லாருடைய கையும் தன்னால் செய்கிற காரியம். நான் அது எந்தக் குழாய் என்று அவரிடம் சொல்லவில்லை, அவர் வெளியே லாரிக்காரனோடு இருந்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்து, அவசரத்தில் பார்க்காமலே போட்டிருக்கிறார். நான் பேப்பரைப் பார்த்தேன், சட்டியைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், மூலையில் காலியாகக் கிடந்த குழாயைப் பார்த்தார். கையிலிருந்த கரண்டி தட்டென்று விழுந்தது.

"அக்கா," என்றார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

திட்டி என்ன ஆகப்போகிறது, அந்த மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டு, யா அல்லா யா அல்லா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். சட்டியில் எல்லா மெழுகும் ஒன்றாகத் தெளிந்து மினுமினுத்தது. அதில் எது அவர், எது வேறு குழாய் என்று எப்படிப் பிரிப்பேன். மகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்பது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. அவள் என் பையைப் பார்ப்பாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

என் முன்னால் கண்ணாடித் தட்டில் அந்த முதல் துண்டு கவிழ்ந்து கிடந்தது. கழிவு வாளியில் போட எடுத்தேன். அடிப்பக்கம் என் விரலில் பட்டது, பள்ளமாக.

திருப்பினேன். மெல்லிசான முதல் மெழுகு, அதன்மேல் பாதி உறைந்த இரண்டாவது மெழுகு, அதன்மேல் அவர் விரல். கீழே இருந்ததோ கூழுக்கும் கட்டிக்கும் நடுவில் இருக்கிற மெத்தென்ற களி. அவர் அழுத்தினது மெழுகோடு நிற்காமல் கீழே இறங்கியிருந்தது. மெழுகு அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்திருக்கிறது. மேல்துண்டை எப்போதும் கழிக்கிறவர்கள் நாங்கள், அதன் முகத்தை யார் பார்த்தோம். ரேகை இல்லை, தழும்பு இல்லை. ஆனால் ஒரு கட்டைவிரலின் சதைப்பக்கம் முழுசாக இருந்தது, ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் பட்டும் படாமலும். பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தொடவில்லை, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

இதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது. காயவைத்தால் சுருங்கி வெடிக்கும், அந்த மண்ணின் குணமே அது. பள்ளம் குழந்தை விரல் அளவுக்கு ஆகிவிடும். ஈரத்தில் வைக்கலாம் என்றால் எங்கள் குழாயில் வருகிற உப்பில்லாத காவிரித் தண்ணீர் பட்டால் உப்பிக் கரைந்துபோகும். சூளையில் சுடுவது பேச்சுக்கே இல்லை. நான் பிழைப்பாகக் கற்றதெல்லாம் அந்த ஒரு துண்டுக்கு எதிராக நின்றது. பாய்தான் மெதுவாக, "சாப் என்ன பண்ணுவாரு அக்கா?" என்றார். அவர் கேட்டது சும்மா கேட்டதுதான், என்னைத் தேற்ற. என் வீட்டுக்காரர் மண்ணைக் கண்டால் மெழுகு ஊற்றுவார், வேறென்ன செய்வார்.

சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினேன். கொதிக்கிற மெழுகு களியின் முகத்தைச் சுட்டுவிடும், அதனால் ஆறவிட்டேன். ஓரத்தில் வெள்ளையாக ஆடை கட்ட ஆரம்பித்ததும் சின்னக் கரண்டியில் மொண்டு அந்தப் பள்ளத்தில் ஊற்றினேன். பாய் தட்டைப் பிடித்துக்கொண்டார். உறைவதற்குள் விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும் என்று கை போனது, இழுத்துக்கொண்டேன். நன்றாக உறைந்ததும் களியை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். மெழுகு கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் களி ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது மகள் படித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல என் பையைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். ரேகை போய்விட்டது, உருகிவிட்டது, யார் மேலும் கோபப்படாதே, கடைசியில் கிடைத்தது இதுதான் என்று கைக்குட்டையைப் பிரித்தேன். தழும்பு தெரியும் என்று எதிர்பார்த்திருந்தவளுக்கு முகம் விழுந்துவிட்டது. வெறும் மெழுகுக் கட்டி மாதிரி இருக்கும்மா என்றாள். நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். அழுகிறாளா என்று பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

சத்தம் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த மெழுகு விரலை நெற்றிக்கு நடுவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்கிற மாதிரி தலையை அசைத்தாள். கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினாள். மெழுகைத் திருப்பி, ஆழமான பக்கம் புருவத்துக்கு மேலே வரும்படி சாய்த்து வைத்து, ஒரு அழுத்து அழுத்தினாள். அப்படியே நின்றுவிட்டாள். சமையலறை வாசலில் நானும் நின்றேன், கையில் பால் பாத்திரத்தோடு.

"அம்மா," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "நடுவுல இல்ல. இந்தப் பக்கம். ஒரு பக்கம்தான் அழுத்தும், இன்னொரு பக்கம் படவே படாது. இத நீ எனக்குச் சொன்னதே இல்லல்ல?"

"இல்லடி," என்றேன். "எனக்கே தெரியாது."

அவள் மெழுகை எடுத்தாள். நெற்றியில் சாம்பல் நிறத்தில் களிமண் ஒட்டியிருந்தது, ஒரு பக்கம் மட்டும். அதைத் துடைக்காமலே உட்கார்ந்து சாப்பிட்டாள்.